சுமக்க நாங்கள், பூட்ட வேறு ஆட்களா?



சென்ற வருடம் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் சோலார் தகடு பூட்டினார்கள். லொறி வாசல் வரை ஏற முடியவில்லை. பாதை குறுகல், போதாக்குறைக்கு மழை. ஒரு தகடு இருபத்தைந்து கிலோவுக்குக் கிட்ட இருக்கும். மேலே முழுக்கக் கண்ணாடி. ஒரு மூலை இடிபட்டால் தகடு வீண். "நாலைந்து பையன்களைப் பிடித்துத் தாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். லயத்திலிருந்து எட்டுப் பேர் போனார்கள். இரண்டு நாள் சுமந்தார்கள். ஒரு தகட்டில் ஒரு கீறல் விழவில்லை.

மூன்றாம் நாள் கூரை வேலை தொடங்கியது. நகரத்திலிருந்து வந்தவர்கள் மேலே ஏறினார்கள். எங்கள் பையன்களைக் கைக்காசு கொடுத்துக் கீழே நிறுத்திவிட்டார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவன் கொழும்பில் நான்கு வருடம் வயரிங் வேலை செய்தவன். கொரோனா காலத்தில் வேலை போய் ஊருக்கு வந்தவன். "நானும் ஏறட்டுமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறான். வேலையைப் பொறுப்பெடுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "தோட்டத்து ஆட்களுக்கு இது சரிவராது தம்பி. இதுக்குப் படிப்பு வேணும்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சொன்னவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டுப் பழகியதைச் சொன்னார். அதை நாமும் கேட்டுப் பழகி, நம் பிள்ளைகளிடம் நாமே சொல்லத் தொடங்கியிருக்கிறோமே, அதுதான் எனக்குக் கோபம்.

பழைய பேச்சு

1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரான நாளிலிருந்து நம்மைப் பற்றிய பேச்சு மாறவே இல்லை. காடு வெட்டியது நாம். பாதைக்குக் கல் சுமந்தது நாம். தொழிற்சாலைக்கு இரும்பைத் தலையில் வைத்து மலை ஏற்றியது நம் பாட்டன்மார். ஆனால் வேலைக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் "கூலி" என்றார்கள், பிறகு "தொழிலாளி" என்றார்கள். "தொழில் தெரிந்தவன்" என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கரண்டு நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. மின்சார சபை 1969இல்தான் உருவானது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே மலைநாட்டுத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறிய நீர்மின் இயந்திரங்கள் ஓடின. ஓடையை மறித்து, கான் வெட்டி, குழாயில் தண்ணீரை இறக்கி, டர்பைனைச் சுற்ற வைத்துத்தான் பல தொழிற்சாலைகளில் ரோலர் ஓடியது, துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. அந்தக் கானை வெட்டியது யார்? இரவு மழையில் போய்க் குப்பையை வாரி, மதகைத் திறந்து மூடியது யார்? தேசிய மின்கம்பி மலை ஏறியதும் அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை துருப்பிடிக்க விடப்பட்டன. அவற்றோடு நம்மவர்களின் தொழில் அறிவும் கணக்கில் எழுதப்படாமலே போய்விட்டது.

டயகமக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இறங்கி நம் தோட்டங்களின் ஓரமாக ஓடும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவில் சேர்ந்து தலவாக்கலைக்குப் போகிறது. அங்கே 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையத்தின் கொள்ளளவு 150 மெகாவாட். நம் மலையில் பெய்யும் மழைதான் அங்கே கரண்டாகிறது. இதை வாசிக்கிறவர் உங்கள் டிவிசனை நினைத்துப் பாருங்கள். மின்சாரத் துறையில் நிரந்தர வேலையில் இருப்பவர் எத்தனை பேர்? எண்ணி முடிக்க எத்தனை விரல் வேண்டும்?

2022ஐ யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்டு வெட்டினார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு எந்த வெளிச்சத்தில் படித்தார்கள் என்பது காம்பராவில் இருந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரைக் கொடுத்த மலைக்கே வெளிச்சமும் இல்லை, வேலையும் இல்லை.

தண்ணீரில் ஏமாந்தோம். இப்போது வெயில் வருகிறது.

வேலை எங்கே இருக்கிறது

2016 செப்டெம்பரில் அரசாங்கம் "சூரிய பல சங்கிராமய" என்ற பெயரில் கூரைச் சோலார் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் கரண்டை மின்சார சபைக்கு விற்க 20 வருட ஒப்பந்தம் தந்தார்கள். இன்று நாட்டின் கூரைகளில் இருக்கும் தகடுகளின் மொத்தக் கொள்ளளவு 1000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வெயில் பகலில்தான், தண்ணீரை அணையில் தேக்கி இரவிலும் ஓட்டலாம். ஆகவே இரண்டும் சமமல்ல. ஆனாலும் மேல் கொத்மலை போல ஆறு மடங்குக்கு மேற்பட்ட கொள்ளளவை இந்த நாட்டின் கூரைகளில் யாரோ சுமந்து ஏற்றி, பூட்டி, கம்பி இணைத்திருக்கிறார்கள்.

2030இல் நாட்டின் கரண்டில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வலுசக்தியிலிருந்து வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. சம்பூரில் 120 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. இந்திய நன்கொடையில் 25 மாவட்டங்களிலும் 5000 வழிபாட்டுத் தலங்களின் கூரைக்குச் சோலார் தரும் திட்டமும் உண்டு. நம் பக்கத்துக் கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ அது வந்தால் போய்ப் பாருங்கள்: தகடு சுமப்பவன் யார், பூட்டுபவன் யார்?

பெருந்தோட்டக் கம்பனிகளும் சும்மா இருக்கவில்லை. சில கம்பனிகள் தொழிற்சாலைக் கூரைகளில் தகடு பூட்டி, ஆண்டறிக்கையில் படமும் போட்டுவிட்டன. கூரை தோட்டத்தினுடையது, வெயில் தோட்டத்தினுடையது, பணம் கம்பனியினுடையது. வேலையாவது தோட்டத்துப் பிள்ளைக்கு வர வேண்டாமா?

நம் கையில் என்ன இருக்கிறது

"படிப்பு வேணும்" என்றாரே, அதையே எடுத்துக்கொள்வோம். சோலார் வேலையைப் பிரித்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? பாரம் தூக்குவது, உயரத்தில் நிற்பது, கூரைச் சட்டத்தில் தாங்கி பூட்டுவது, தகட்டை மட்டம் பார்த்து வைப்பது, கம்பி இழுப்பது, இன்வேர்ட்டரையும் மெயின் சுவிட்சையும் இணைப்பது, பூமித் தொடுப்புப் போடுவது, பிறகு வருடக்கணக்காகத் துடைத்துப் பராமரிப்பது. இதில் எத்தனை நமக்குப் புதிது?

மலைச்சரிவில் ஈர மண்ணில் இருபது கிலோ கொழுந்தை முதுகில் வைத்து இறங்குபவருக்குக் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்துத் தகரக் கூரைக்கு ஒவ்வொரு மழைக்காலமும் ஏறி, ஆணி எந்த மரத்தில் பிடிக்கும், எந்தத் தகரம் கால் வைத்தால் உள்ளே போகும் என்று அறிந்த பையன்கள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள்.

தொழிற்சாலைக்கு வாருங்கள். நான் பத்தொன்பது வருடம் டிரையர் பக்கம் நின்றவன். ஒரு மோட்டார் எரியப் போகிறது என்பதை மணத்திலேயே சொல்லும் ஆட்கள் எங்களிடம் இருந்தார்கள். மூன்று பேஸில் ஒன்று விழுந்துவிட்டால் ரோலர் போடும் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள். பெல்ட்டில் கை வைக்கும் முன் சுவிட்சை இறக்கி, பக்கத்தில் ஒரு ஆளைக் காவல் நிறுத்துவார்கள். சோலார் பயிற்சியில் பாதுகாப்பு என்று முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் பாஸ். சான்றிதழ் மட்டும் யாரும் தரவில்லை.

நிழல் விஷயத்துக்கு வருவோம். வரிசையில் இருக்கும் ஒரு தகட்டில் மரநிழல் விழுந்தால் மற்றத் தகடுகளின் உற்பத்தியும் குறையக்கூடும். அதனால் தகடு வைக்கும் முன் அந்த இடத்தில் எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து நிழல் விழும் என்று பார்ப்பது பெரிய வேலை. எந்த மேட்டில் எத்தனை மணிக்கு வெயில் ஏறும், எந்தப் பள்ளத்தில் பனி பத்து மணி வரை நிற்கும், நிழல் மரத்தை எந்தக் கிளையில் வெட்டினால் வெளிச்சம் வரும் என்று நம் மலை ஆட்களைவிட அறிந்தவர் யார்?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பெண்களின் விரல் மென்மையானது" என்று மேடையில் புகழ்கிறவர்கள் அந்தப் புகழைச் சம்பளத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே நான் விரலைப் புகழப் போவதில்லை. தராசில் கிலோ குறைந்தால் அந்த இடத்திலேயே பிடிக்கும் கணக்கு, இருபது பேரின் சீட்டை ஒரு சதம் பிசகாமல் நடத்தும் ஒழுங்கு, விடிய நாலு மணிக்கு எழுந்து வீட்டையும் மலையையும் ஒரே நாளில் முடிக்கும் திட்டம், இவை தொழில் திறமைகள். எந்தக் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்று குறித்து, சோதித்து, பதிவு எழுதும் வேலைக்கு இதே ஒழுங்குதான் தேவை.

இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலம் திலோனியாவில் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி என்ற நிறுவனம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துத் தாய்மாரையும் பாட்டிமாரையும் பல நாடுகளிலிருந்து வரவழைத்து, ஆறு மாதத்தில் வீட்டுச் சோலார் விளக்கு பூட்டவும் பழுது பார்க்கவும் பழக்கினார்கள். பொதுமொழி இல்லை என்பதால் நிறங்களையும் சைகைகளையும் வைத்துப் பாடம் நடத்தினார்கள். அந்தத் தாய்மார் ஊருக்குத் திரும்பி வெளிச்சம் ஏற்றினார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்குச் சரிவந்த வேலை, சாதாரண தரம் எழுதிய நம் பிள்ளைக்குச் சரிவராதா?

படிக்க வேண்டியதும் இருக்கிறது

உள்ளதைச் சொல்ல வேண்டும். "எல்லாம் தெரியும்" என்று மார்தட்டி யாரும் கூரையில் ஏறக்கூடாது. தொழிற்சாலைக் கரண்டும் தகட்டுக் கரண்டும் வேறு. தொழிற்சாலையில் மெயினை இறக்கினால் கம்பி செத்துவிடும். சோலார் தகட்டில் அப்படியில்லை. வெயில் இருக்கும் வரை தகட்டிலிருந்து வரும் கம்பி உயிரோடுதான் இருக்கும். தகடுகளை வரிசையாக இணைத்தால் பல நூறு வோல்ட் ஏறும். அது நேரோட்டம், இணைப்பைத் தவறாகப் பிரித்தால் தீப்பொறி எழும்பி நின்று எரியும். அஸ்பெஸ்டஸ் கூரையில் கால் வைத்தால் உடையும், தூசு நுரையீரலுக்குக் கேடு. அளவுக்கருவி வாசிக்கவும், வரைபடம் பார்க்கவும், மின்சார விதிகளை அறியவும் வேண்டும்.

இவற்றைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அடிப்படைத் தொழில் கையில் இருப்பவனுக்கு இது சில மாதப் படிப்பு. "தோட்டத்து ஆட்களுக்குச் சரிவராது" என்பதும், "இந்த நாலு விஷயத்தைப் படித்துக்கொண்டு வா" என்பதும் ஒரே பேச்சா? முதலாவது கதவை அடைக்கிறது. இரண்டாவது வழியைக் காட்டுகிறது.

இன்னொரு உண்மையும் உண்டு. டயகமவில் மட்டும் இருந்து இந்தத் தொழிலில் முழு வருடமும் பிழைக்க முடியாது. தகடு சூடேறினால் உற்பத்தி குறையும் என்பதால் நம் குளிர் அதற்கு நல்லதுதான். ஆனால் பனியும் மாதக்கணக்கான மழையும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். பெரிய நிலையங்கள் அம்பாந்தோட்டையிலும் கிழக்கிலும் வடக்கிலும் வருகின்றன. அரசாங்கம் கரண்டு வாங்கும் விலையைக் குறைத்தால் கூரை வேலையும் குறையும். 2025 புதுவருட விடுமுறையில் கரண்டுத் தேவை குறைந்ததால், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே சோலாரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முதலில் முழு மின்னியலாளர் ஆகுங்கள், அதன்மேல் சோலாரைச் சேருங்கள். தகடு வேலை இல்லாத மாதத்தில் வீட்டு வயரிங் சோறு போடும்.

குறைவது ஒரு கடதாசி

அந்தக் கொழும்பு வயரிங் தம்பியிடம் இல்லாதது என்ன? வேலை தெரியும், அனுபவம் உண்டு. கடதாசி இல்லை. அவனைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நாட்டின் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதை நம்மிடம் யாரும் வந்து சொல்வதில்லை.

தேசிய தொழில் தகைமை என்று ஒன்று உண்டு. என்.வி.கியூ. என்பார்கள். மொத்தம் ஏழு மட்டம். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். உயர்தரம் சித்தியடையாதவனும் கீழ்ப்படியில் கால் வைத்து மேலே ஏறலாம். முக்கியமான விஷயம் இது: வகுப்புக்குப் போகாமல் வேலை செய்து பழகியவருக்கும் இந்தச் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். தெரிந்தால் சான்றிதழ். நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இதைச் செய்கிறது.

இதற்காக இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று: செய்த வேலைக்குச் சாட்சி சேருங்கள். வேலை செய்த இடத்து முதலாளியின் கடிதம், கொந்தரப்பு எடுத்த துண்டு, வேலை நடந்தபோது தொலைபேசியில் எடுத்த படம், எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். நாள், இடம், என்ன வேலை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாளைக்கு அதுதான் உங்கள் படிப்பு.

ஏமாற்றுக்காரர்களையும் கவனியுங்கள். "மூன்று நாள் பயிற்சி, வெளிநாட்டு வேலை உறுதி" என்று சொல்லி, அம்மாவின் காதுத் தோட்டை அடகு வைக்கச் செய்கிறவர்கள் வருவார்கள். காசு கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா, எத்தனையாம் மட்டம்? பதில் குழம்பினால் திரும்பி வாருங்கள்.

நமக்குள் இருக்கும் மறுப்புகள்

இதைக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியபோது மூத்த தோழர் ஒருவர் எழும்பினார். "சங்கம் சம்பளத்தைப் பேசட்டும். பயிற்சி கொடுப்பது அரசாங்கத்தின் வேலை" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் தெருவில் நின்றோம், 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. அதற்குள் அரிசியும் மாவும் எங்கே போய்விட்டன என்று தாய்மாருக்குத் தெரியும். சம்பளப் போராட்டத்தை ஒரு நாளும் விட முடியாது.

ஆனால் தோழரே, பேச்சுவார்த்தை மேசையில் நம் பலம் எது? "இந்த வேலையை விட்டால் இவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை" என்று எதிர்ப்பக்கம் நினைக்கும் வரை நம் கை தாழ்ந்துதான் இருக்கும். சான்றிதழ் உள்ள ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், தாய் பிரட்டில் நின்று பேசும் குரலே வேறாக இருக்கும். வேலையைத் தெரிந்தெடுக்க முடிந்தவன்தான் விலை பேசமுடியும். சம்பளமும் தொழில் தகைமையும் ஒரே போராட்டத்தின் இரண்டு கை.

இன்னொருவர் கேட்டார்: "எல்லாரும் போய்விட்டால் கொழுந்து எடுப்பது யார்?" இந்தக் கேள்வியைத் துரைமார் கேட்டால் புரிகிறது. நாம் ஏன் கேட்கிறோம்? நம் பிள்ளைகள் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கொழும்பில் கடைச் சிற்றாளாக, கட்டிடத்தில் சீமெந்து சுமப்பவராக, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில். வெறுங்கையோடு போகிறார்களா, தொழிலோடு போகிறார்களா என்பதுதான் கேள்வி. தோட்டத்தில் இருக்க விரும்புகிறவர் மரியாதையோடு இருக்கட்டும். போகிறவர் தலை நிமிர்ந்து போகட்டும்.

சோலாரும் இன்னொரு கொந்தரப்பு ஆகக்கூடாது

புதிய தொழில் என்றதும் மயங்கிவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் எழும்பியது. நம் மூதாதையர் பலர் கப்பல் ஏறி வந்த சீமை அது. ஏறக்குறைய எட்டு மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இரவு பகலாக நின்று கட்டினார்கள். கட்டி முடிந்த பிறகு அத்தனை பேருக்கும் அங்கே வேலை இல்லை. தகடு துடைக்கவே இயந்திரம் வந்துவிட்டது. பெரிய நிலையத்தில் கட்டும் காலத்து வேலை அதிகம், நிரந்தர வேலை குறைவு. இதைத் தெரிந்துகொண்டுதான் பேரம் பேச வேண்டும்.

கூரையில் ஏறுபவனுக்குப் பாதுகாப்புப் பட்டி உண்டா? விழுந்தால் நட்டஈடு யார் தருவார்? தோட்டத்தில் எத்தனை குறை இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. சங்கம் இரத்தம் சிந்திக் காத்த உரிமை அது. தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். சோலார்க் கம்பனி ஒன்று நாட்கூலியைக் கூட்டிக் கொடுத்து இவற்றை வெட்டிவிட்டால், அது உயர்வா ஏமாற்றா? சான்றிதழ் பெற்ற பிள்ளைகளும் சங்கத்தை விட்டுப் போகக்கூடாது என்பது இதனால்தான்.

கூரை யாருடையது?

கடைசியாக ஒரு கேள்வி. கொழும்பில் வீடுள்ளவர் தன் கூரையில் தகடு பூட்டி, தன் பெயரில் மீட்டர் வைத்து, கரண்டு விற்கிறார். நம் காம்பராக் கூரை யாருடையது? தோட்டத்தினுடையது. காணி உறுதி இல்லை. ஐந்து தலைமுறை வாழ்ந்த வீட்டின் கூரையில் விழும் வெயிலுக்கும் நமக்கு உரிமை இல்லை. அடுத்த வீட்டுக் கூரையில் தகடு பூட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தாயின் கூரையில் பூட்ட முடியாது. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

ஆகவே நம் கமிட்டிகளும் மாவட்டக் காரியாலயமும் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

முன்கற்றல் மதிப்பீடு தலவாக்கலையிலும் அக்கரப்பத்தனையிலும் தமிழில் நடக்க வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி; சிங்களம் விளங்காததால் தொழில் தெரியாதவன் என்று யாரையும் எழுதக்கூடாது. மதிப்பீட்டுக்குப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது.

தொழிற்சாலைக் கூரையில் சோலார் பூட்டும் கம்பனி, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பயிலுனராக எடுக்க வேண்டும். சுமப்பதற்கு மட்டுமல்ல, பூட்டுவதற்கும், பிறகு வரும் இருபது வருடப் பராமரிப்புக்கும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இது எழுத்தில் வரவேண்டும்.

பயிற்சி இடங்களில் பாதி பெண் பிள்ளைகளுக்கு. ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற, நம் பெயரால் எழும்பிய இடங்களில் முதலில் இது நடக்க வேண்டும்.

சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், விபத்துக் காப்புறுதி, பாதுகாப்புப் பட்டி ஆகியவை இல்லாத சோலார் வேலைக்கு நம் தோட்டத்திலிருந்து ஆள் போகாது.

இவை தானாக வராது. ஒவ்வொரு டிவிசனிலும் கமிட்டி ஒரு கொப்பி போட வேண்டும். வயரிங் தெரிந்தவர், மேசன் பாஸ், வெல்டிங் தெரிந்தவர், தொழிற்சாலையில் மோட்டார் பார்த்தவர், கொழும்பில் வேலை செய்து திரும்பியவர் என்று ஆணும் பெண்ணுமாகப் பெயர் எழுதுங்கள். எத்தனை வருடம், என்ன வேலை என்று எழுதுங்கள். அடுத்த மாதம் அந்தக் கொப்பிகளோடு காரியாலயத்துக்குப் போவோம். "தோட்டத்து ஆட்களுக்குச் சரிவராது" என்று இனி எவர் சொன்னாலும், அவர் முன்னால் அதை விரித்து வைப்போம்.

எங்கள் வயரிங் தம்பியின் பெயர்தான் எங்கள் கொப்பியில் முதல் பெயர். உங்கள் கொப்பியில் முதல் பெயர் யாருடையது?

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!

– தோட்டக் கமிட்டித் தலைவர் ஒருவர், டயகம